வாசிக்காமல் விட்ட வரி

ஆஸ்பத்திரிகளை நான் வண்டி நிறுத்துகிற இடத்தை வைத்துத்தான் எடைபோடுவேன். விக்கிரமசிங்கபுரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். கல்யாணம், குற்றாலம், திருச்செந்தூர் என்று ஓடியதைவிட ஆஸ்பத்திரிக்கு ஓடியதுதான் அதிகம். நிறுத்த ஒரு நிழலும், பக்கத்தில் சுமாரான டீக்கடையும் இருந்தால் என் கணக்கில் அது நல்ல ஆஸ்பத்திரி. உள்ளே என்ன நடக்கிறது என்பது என் வேலை இல்லை. பின் சீட்டில் யாராவது அழுதால் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பிவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டுவேன். இந்த ஒழுங்கையெல்லாம் கெடுத்தது ஒரு அக்கா.

பெயர் வேண்டாம். எழுதினால் எங்கே இருந்தாலும் போன் போட்டு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா தம்பி?" என்பாள். கேட்காமல்தான் எழுதுகிறேன். அதனால் பெயரையாவது விட்டுவிடுகிறேன்.

மில்லுக்குப் பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருந்தாள். கடை என்றால் வீட்டு முன்னறைதான். ஒரு மெஷின், ஒரு மேஜை, சுவரில் ஆணியடித்து மாட்டிய அளவு ஜாக்கெட்டுகள். தையல் சுத்தம். ஆனால் அவளிடம் துணி கொடுத்தால் வக்கீலிடம் கேஸ் கொடுத்த மாதிரி என்று தெருவில் சொல்வார்கள். நடையாய் நடக்க வேண்டும்.

என் மனைவி ஒரு தடவை தன் தங்கை கல்யாணத்துக்குப் பட்டு ஜாக்கெட் கொடுத்திருந்தாள். நான்கு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் துணி மடிப்புக் கலையாமல் அப்படியே இருக்கிறது. சத்தம் போட்டுவிட்டு வா என்று என்னை அனுப்பினாள். நானும் சத்தம் போடுகிற முகத்தோடுதான் போனேன். அக்கா துணியை மேஜையில் விரித்தாள்.

"இங்க பாரு தம்பி. கரை இந்தப் பக்கம் ரெண்டு விரக்கடை, அந்தப் பக்கம் ஒண்ணரை. ரெண்டு கைக்கும் பெரிய கரைதான் வேணும்னா முதுகுல ஒட்டு வரும். ஒட்டுப் போடலாமான்னு உன் வீட்டுக்காரிகிட்ட கேட்டுட்டு வா."

"நீங்களே பாத்துப் போடுங்கக்கா. உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். போட்டுக்கிடப் போறது அவள்லா? கத்திரி வச்சாச்சுன்னா பேச்சு முடிஞ்சுட்டு. அதுக்கு முந்தியே பேசிக்கிடணும்."

என் மனைவியே நேரில் வந்து, இரண்டு பேரும் அந்த ஒட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். எனக்கு ஒரு அம்பாசமுத்திரம் சவாரி போனது. அக்காவின் வழக்கமே அதுதான். எதை வெட்டுவதாக இருந்தாலும் விரித்துக் காட்டாமல், கேட்காமல் வெட்ட மாட்டாள். காத்திருக்கிறவனுக்கு எரிச்சலாக வரும். வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அவள் வீட்டுக்காரர், அண்ணாச்சி, மில்லில் நூற்புப் பகுதியில் வேலை. மெஷின் இரைச்சலுக்குள் காலம் தள்ளியவர் பேசினால் தெரு முழுக்கக் கேட்கும். அதனாலோ என்னவோ அதிகம் பேச மாட்டார். எந்தப் பேப்பர் வந்தாலும் அக்காதான் வாசிப்பாள். ரேஷன் கடையோ, பேங்கோ, மகளின் பள்ளிக்கூடமோ, "நீ வாசிச்சுட்டேல்லா?" என்று கேட்டுவிட்டு அவள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். பத்தாவது படித்தவர்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அப்படியே பழகிவிட்டது.

அந்த அண்ணாச்சி ஒரு நாள் ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது தன் கைலியைத் தானே துவைக்க ஆரம்பித்தார். முதல் வாரம் அக்கா அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். இவ்வளவு காலம் கழித்து மனுசனுக்குப் புத்தி வந்துவிட்டது என்றாள். அடுத்த வாரம் கொடியில் காய்ந்த கைலியை மடித்தவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. முன்பக்கம் வெளிறிப்போன ஒரு கறை. எண்ணெய்க் கறை எது, துருக் கறை எது, வெற்றிலைக் கறை எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். விரலில் ஊசி குத்தித் துணியில் பட்டதைக் கழுவிக் கழுவி, ரத்தக் கறை எப்படி வெளிறும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

கைலியை அண்ணாச்சி முன்னால் விரித்திருக்கிறாள். "இது எத்தனை நாளா?"

"உடம்புச் சூடுட்டீ," என்றிருக்கிறார்.

ஐந்து மாதமாக. ஒண்ணுக்குப் போகும்போது ரத்தம். மில்லில் கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் வைத்தியர்கள். அந்த வெக்கையில் யாருக்குத்தான் சிறுநீரகக் கல் வரவில்லை? வாழைத்தண்டுச் சாறு குடி, சிறுபீளையை அவித்துக் குடி, இளநீர் குடி என்று ஆளுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணாச்சி எல்லாவற்றையும் குடித்திருக்கிறார். ரத்தம் இரண்டு நாள் வரும், பிறகு பத்து நாள் வராது. மருந்து கேட்கிறது என்று நினைத்துக்கொள்வார். வலியும் இல்லை. வலி இருந்திருந்தால் முன்பே சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். வலிக்காத வியாதிக்கு எவன் டாக்டரிடம் போவான்? நானும் போயிருக்க மாட்டேன்.

மறுநாளே பாளையங்கோட்டைக்கு என் வண்டியில் போனோம். ஸ்கேன் எடுத்து, டாக்டரைப் பார்க்க மூன்று மணி ஆகிவிட்டது. நான் வழக்கம்போல் நிழலில் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தேன். அக்கா கண்ணாடியைத் தட்டினாள்.

"நீயும் உள்ள வா தம்பி. அவியள வெளிய உக்காரச் சொல்லிட்டாவ. எனக்கு ஒத்தையில கேட்டா பாதிதான் மனசுல நிக்கும்."

அன்றைக்கு உள்ளே போனவன்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு டாக்டர் அறையிலும் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டாள்.

டாக்டர் சொன்னது இதுதான். வலது கிட்னியில் கட்டி. அநேகமாகப் புற்றுநோய். வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. ஆனால் இடது கிட்னி சின்ன வயசிலேயே சுருங்கிப்போயிருக்கிறது, பெயருக்குத்தான் இருக்கிறது. இத்தனை வருஷமும் ஆளை ஓட்டியது வலது பக்கத்து ஒன்றுதான். அதை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் உயிரோடு இருக்கிற வரைக்கும் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். வாடிக்கையாளர் அளவு எழுதுகிற நோட்டுதான்.

"ஒரு படம் போட்டுக் காட்டுங்க சார். எங்கன இருக்கு கட்டி?"

அவர் முந்திரிப்பருப்பு மாதிரி ஒன்றைப் போட்டு அதில் ஒரு வட்டம் போட்டார். அக்கா நோட்டைத் தன் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கட்டிய மட்டும் வெட்டி எடுத்துட்டு மிச்சத்தத் தச்சா?"

"அம்மா, அது துணி இல்ல."

"துணி இல்லன்னு தெரியும் சார். தைக்க முடியுமா முடியாதான்னு கேக்கேன்."

டாக்டர் நல்ல மனுசன். கோபப்படவில்லை. "சிலருக்குச் செய்யலாம். இவருக்குக் கஷ்டம்," என்றார். அக்கா படத்துக்குக் கீழே "கஷ்டம்" என்று எழுதிக்கொண்டாள். "முடியாதுன்னு சொல்லல," என்று என்னிடம் வெளியே வந்து சொன்னாள்.

திரும்புகிற வழியில் முக்கூடலில் அண்ணாச்சியின் கூடப்பிறந்த அக்கா வீட்டில் இறங்கினோம். அக்கா தன் நாத்தனாரை அடுக்களைக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னாள். தண்ணீர் குடிக்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன்கிட்ட சொல்லீராதட்டீ. கேட்டாலே பாதி உசுரு போயிரும். கல்லுன்னே சொல்லு. ஆப்பரேசன் முடியுத வரைக்கும் கல்லாவே இருக்கட்டும்," என்றாள்.

இது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். என் வண்டியில் எத்தனையோ பேர் தங்களுக்கு அல்சர் என்று நினைத்துக்கொண்டே கடைசிவரை போய்வந்திருக்கிறார்கள். நானும் கேட்கிறவர்களிடம் அல்சர் என்றே சொல்லியிருக்கிறேன். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது நாத்தனாரே தம்பியிடம், "கல்லுதாம்லே, பயப்படாத," என்று சொல்லி அனுப்பினாள்.

வண்டி முக்கூடலைத் தாண்டியது. அண்ணாச்சி எப்போதும்போல முன் சீட்டில். இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். அக்கா பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டாள்.

"கல்லு இல்ல. கேன்சர்."

எனக்குக் கை வழுக்கிவிட்டது. எதிரே வந்த டிராக்டர்காரன் ஏசிவிட்டுப் போனான். அவள் நிறுத்தாமல் டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். சுருங்கிப்போன கிட்னி, டயாலிசிஸ், எல்லாம். நோட்டை நீட்டிப் படத்தையும் காட்டினாள்.

அண்ணாச்சி படத்தை வெகுநேரம் பார்த்தார். "அக்கா கல்லுன்னாளே?"

"அப்படித்தான் சொல்லணும்னு சொன்னாவ. நான் சரின்னு சொல்லல. உங்க உடம்பு. உங்ககிட்ட மறைச்சு என்னத்த செய்ய?"

"நல்லதாப் போச்சு. கல்லுன்னு சொல்லியிருந்தா நான் மறுபடியும் வாழைத்தண்டுதான் குடிச்சிருப்பேன்," என்றார். வீடு வரும்வரை அவர் நோட்டை மடியிலிருந்து எடுக்கவில்லை.

பிறகு ஆரம்பித்தது அலைச்சல். திருநெல்வேலியில் இன்னொரு டாக்டர். அவரும் முழுசாக எடுக்க வேண்டும் என்றார். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே டாக்டருக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். நின்றவாக்கிலேயே ஒரு படம் போட்டுக் கொடுத்தார். கட்டி நட்டநடுவில், ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில். "இதுல எங்க தைக்கிறது?" என்றார்.

திரும்பும்போது கோவில்பட்டியில் டீ குடிக்க நிறுத்தினோம். அண்ணாச்சி வண்டியிலேயே தூங்கிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க்கா, மூணு பெரிய டாக்டர் ஒரே மாதிரி சொல்லியாச்சு. உங்க நோட்டு முடியுத வரைக்கும் அந்தக் கட்டி காத்துக்கிட்டு இருக்குமா? ஜாக்கெட்டுத் துணிய வச்சுக்கிட்டு இருக்க மாதிரி மனுசன வச்சுக்கிட்டு இருக்கீய."

சொன்ன பிறகுதான் அதிகம் என்று பட்டது. அக்கா டீயைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"எனக்குப் பயமா இல்லன்னா நினைக்க? ராத்திரி பக்கத்துல படுத்துக்கிட்டு அது வளருதான்னு நினைச்சுக்கிட்டே கெடக்கேன்லே. நீ வண்டி எடுக்கப் போன பொறவு மதுரை டாக்டர்கிட்ட அதைத்தான் கடைசியாக் கேட்டேன், எத்தனை நாள் தேடலாம்னு. ஒரு மாசம் பரவாயில்ல, அதுக்கு மேல வேண்டாம்னாரு. ஒரு மாசம் தேடுவேன். கிடைக்கலன்னா பாளையங்கோட்டை டாக்டர்கிட்டயே போயி முழுசா எடுத்துருவோம். டயாலிசிஸ்னா டயாலிசிஸ். ஆளு வேணும் எனக்கு."

அன்றைக்குப் பிறகு நான் அவளை ஏசவில்லை. அந்த மாசம் முழுக்க வேறு வெளியூர்ச் சவாரி எடுக்கவுமில்லை.

நான்காவது டாக்டர் சின்ன வயசுக்காரர். நாகர்கோவிலில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. வண்டி நிறுத்த இடமே கிடையாது, என் கணக்கில் தேறவே தேறாது. அவர் ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கப் படம் போட்டார். கட்டி கீழ் ஓரத்தில், பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

அக்கா நோட்டில் பக்கத்தைப் புரட்டினாள். "மதுரையில நடுவுல போட்டாவ. நீங்க ஓரத்துல போடுதீய. கட்டி ஒண்ணுதானே சார்? எது சரி?"

அவர் மதுரைப் படத்தைப் பார்த்தார். "அவசரத்துல போட்டிருப்பாங்க. ஃபிலிம்ல இருக்கிறது இப்படித்தான்."

"அப்போ தைக்கலாம்?"

"தைக்கலாம். ஆனா நான் தைக்க மாட்டேன்மா."

"ஏன்?"

"நான் இதுவரைக்கும் செஞ்சத விரல் விட்டு எண்ணிரலாம். அவங்க எல்லாருக்கும் இன்னொரு கிட்னி நல்லா இருந்தது. தப்பிப்போனாலும் ஆள் பிழைச்சுக்கிடுவாங்க. இவருக்கு இது ஒண்ணுதான். இதையே தினம் செய்யுற ஒருத்தர் திருவனந்தபுரத்துல இருக்கார். லெட்டர் தாரேன். அவர்கிட்ட போங்க."

வண்டியில் ஏறியதும் அக்கா அந்தக் கடிதத்தை நோட்டுக்குள் வைத்தாள். "தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுத ஆளக் கண்டுபிடிக்கத்தாம்லே இவ்வளவு அலைச்சல்," என்றாள். அந்த ஒரு மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் முழு தோசை சாப்பிட்டதைப் பார்த்தேன், வள்ளியூரில்.

திருவனந்தபுரத்து டாக்டருக்கு அறுபது வயசு இருக்கும். மலையாள ராகத்தில் நல்ல தமிழ் பேசினார். அண்ணாச்சியை ரத்தப் பரிசோதனைக்கும் நெஞ்சுப் பரிசோதனைக்கும் கூட்டிப்போய்விட்டார்கள். அக்கா நோட்டை நீட்டினாள். அவர் போட்ட படத்தில் வெட்டுகிற இடத்துக்குப் புள்ளிக்கோடு இருந்தது. அக்கா கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"கட்டிய ஒட்டியே வெட்டுவீயளா? கொஞ்சம் தள்ளி வெட்டுவீயளா?"

"கொஞ்சம் தள்ளி. நல்ல சதை கொஞ்சம் சேர்ந்து வரணும். இல்லைன்னா மிச்சம் நிக்கும்."

"மிச்சத்த இழுத்துத் தைக்கும்போது கிழியாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க தையல்காரியா?"

அப்புறம் இரண்டு பேரும் பேசிய பேச்சு எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. நூல் என்ன நூல், அது உள்ளேயே கரையுமா, எவ்வளவு நேரம் ரத்தத்தை நிறுத்தி வைக்கலாம் என்று. வெளியே ஆள் காத்திருப்பது இருவருக்குமே மறந்துவிட்டது. கடைசியில் டாக்டர் குரலைத் தணித்தார்.

"கட்டியை மட்டும் எடுக்கத்தான் பார்ப்பேன். ஆனா உள்ளே போன பிறகு ரத்தம் நிக்கலைன்னாலோ, கட்டி இன்னும் உள்ளே போயிருந்தாலோ முழுசா எடுத்தாத்தான் உயிரைக் காப்பாத்த முடியும். அப்போ வெளியே வந்து உங்களைக் கேட்டுக்கிட்டு இருக்க நேரம் இருக்காது. இதை அவர்கிட்ட நீங்க சொல்லிரணும். நானும் சொல்லுவேன்."

"நான் சொல்லிருதேன் சார். நான் சொன்னாத்தான் அவியளுக்கு வெளங்கும்," என்றாள்.

அவள் சொல்வாள் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. முக்கூடல் ரோட்டில் சொன்னவள் ஆயிற்றே.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் காலையில், ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜில் நான் காபி வாங்கிக்கொண்டு போனேன். அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னையும் இருக்கச் சொன்னார். கேட்கிறதுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

"ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ," என்றார் அக்காவிடம். சத்தமாகப் பேசுகிறவர் அன்றைக்குப் பையத்தான் பேசினார். "கட்டிய மட்டும் எடுக்க முடிஞ்சா எடுக்கட்டும். முடியலன்னா அப்படியே மூடி அனுப்பிரச் சொல்லு. முழுசா எடுக்கப்படாது."

"என்ன பேச்சு இது?"

"மில்லுல என் கூட்டாளிய ரெண்டு வருசம் நான்தானே டயாலிசிசுக்குக் கூட்டிட்டுப் போனேன். வாரத்துல மூணு நாளு. பஸ்ஸுல என் தோளுலதான் சாஞ்சு வருவான். ஒரு செம்புத் தண்ணி குடிக்கக் கொதிப்பான், குடிக்கப்படாது. ஆத்துக்குப் பக்கத்துல பொறந்து வளந்துட்டு ஒரு செம்புத் தண்ணிக்கு அழுதான். எனக்கு அது வேண்டாம். இருக்க வரைக்கும் இருந்துட்டுப் போறேன். டாக்டர்கிட்ட சொல்லீருதியா?"

அக்கா காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். காபி எப்போதோ ஆறிவிட்டது.

"சரி," என்றாள்.

சாயங்காலம் வார்டில் நர்ஸ் படிவத்தைக் கொண்டுவந்தாள். எங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் வருவதால் தமிழிலேயே வைத்திருந்தார்கள். மூன்று பக்கம். டாக்டர் அவசர ஆப்பரேஷன் ஒன்றில் இருந்தார், அப்புறம் வந்து பேசுவார் என்றாள் நர்ஸ். அக்கா கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். மயக்க மருந்தால் வரக்கூடியது, ரத்தம் ஏற்றுவது, காய்ச்சல், சீழ், எல்லாம் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று கண்ணால் கூடவே வாசித்துக்கொண்டு வந்தேன். இரண்டாம் பக்கம் நடுவில் இருந்தது: தேவைப்பட்டால் சிறுநீரகத்தை முழுவதுமாக அகற்றச் சம்மதிக்கிறேன். அவள் குரல் அந்த இடத்தில் தடுமாறக்கூட இல்லை. அதற்கு மேல் வரியை முடித்தாள், அதற்குக் கீழ் வரியை ஆரம்பித்தாள்.

"எல்லாம் வாசிச்சுட்டேல்லா?" என்றார் அண்ணாச்சி.

"வாசிச்சுட்டேன்."

விரல் வைத்த இடத்தில் போட்டார். அவள் போட்டாள். சாட்சி என்ற இடத்தில் என்னைப் போடச் சொன்னாள். என்னைப் பார்க்காமல்தான் பேனாவை நீட்டினாள். நான் போட்டேன். ஏன் போட்டாய் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஒரே பதில்தான். அந்த ஆள் செத்துப்போவதை நான் விரும்பவில்லை. ஆனால் அது என் உடம்பு இல்லை, அவள் உடம்பும் இல்லை என்பதும் எனக்கு அப்போதே தெரியும்.

பிறகு டாக்டர் வந்தார். "எல்லாம் வீட்டில சொன்னாங்களா?" என்று அண்ணாச்சியைக் கேட்டார். "அவ சொல்லிட்டா சார். எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டா," என்றார் அண்ணாச்சி. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி டவலை மடித்தாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பகல் ஒரு மணிவரை வெளியே உட்கார்ந்திருந்தோம். அவள் ஒரு சேலையைக் கொண்டுவந்திருந்தாள், ஓரம் அடிப்பதற்கு. ஒரு முழம் தைப்பாள், பிரித்துவிடுவாள்.

"முழுசா எடுத்திருந்தா முழிச்சதும் நான்தான் சொல்லணும்," என்றாள் திடீரென்று.

"அப்போ பாத்துக்கிடலாம்க்கா."

"என்னத்தப் பாக்க? கத்திரி வச்ச பொறவு என்ன பேச்சு?" என்றாள். அப்புறம் அவள் ஊசியைத் தொடவே இல்லை.

டாக்டர் வந்தார். கட்டி முழுசாக வந்துவிட்டது, கிட்னி நிற்கிறது, முக்கால்வாசி மிச்சம் என்றார். அக்கா நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. திருப்பிக்கொள்ளக் கண்ணாடி இல்லை, அப்படியே அழுதேன்.

அந்த வரிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. சொல்லாமல் விட்டிருந்தால் அது ஆஸ்பத்திரி பீரோவிலேயே கிடந்திருக்கும். அவள் விடவில்லை.

மூன்று மாதம் கழித்துத் திருவனந்தபுரத்தில் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி முன் சீட்டில் பழம் தின்றுகொண்டு வந்தார். ஆரல்வாய்மொழி தாண்டிக் காற்றாடிகள் சுற்றுகிற இடம். வண்டியைக் காற்று தள்ளிக்கொண்டிருந்தது.

"அந்தப் பேப்பர்ல ஒரு வரிய நான் வாசிக்கல," என்றாள் பின்னாலிருந்து.

என்ன வரி என்பதையும் சொன்னாள். லாட்ஜில் சரி என்று சொன்னது பொய் என்றும், டாக்டரிடம் ஒன்றுமே சொல்லவில்லை என்றும் சொன்னாள். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முக்கூடல் ரோட்டில் சொன்ன அதே குரல்.

"வண்டிய நிறுத்துலே," என்றார்.

இறங்கிப் போய் முள்மரத்துக்குப் பின்னால் ஒண்ணுக்கு இருந்தார். இருந்து முடித்த பிறகும் முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். காற்றில் வேட்டி படபடவென்று அடித்தது. எனக்கு இறங்கிப் போகலாமா என்று இருந்தது. அக்கா அசையவில்லை. திரும்பி வந்தவர் பின் கதவு ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு குனிந்தார்.

"நீ செஞ்சது தப்பு."

"தப்புதான்," என்றாள். "மறுபடி ஒருக்க வந்தாலும் அதைத்தான் செய்வேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீயும் கையெழுத்துப் போட்டியோ?"

"போட்டேன் அண்ணாச்சி."

முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். வள்ளியூரில் டீக்கு நிறுத்தவா என்று கேட்டேன், ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வீட்டில் எட்டு நாள் பேசவில்லையாம். ஒன்பதாம் நாள் குழம்பில் உப்பு இல்லை என்று பேசினாராம். அக்காதான் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். அதில் சந்தோஷம் பாதிதான்.

பிற்பாடு அவர்கள் மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அண்ணாச்சி நன்றாக இருக்கிறார் என்று கேள்வி. போவதற்கு முன்னால் ஒரு தடவை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன், அதே பாளையங்கோட்டைக்கு. மருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கேன். கிட்னிக்கு ஏதாவது ஆனால் சம்மதம் என்று அதற்கும் ஒரு படிவம். கவுண்டரில் இருந்த பெண் அதை அக்காவிடம் நீட்டினாள். அக்கா கை நீட்டி வாங்கவில்லை. அண்ணாச்சி வாங்கினார். சட்டைப் பையிலிருந்து புதுக் கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்குக் கீழும் விரலை ஓட்டி, உதடு அசைய வாசிக்க ஆரம்பித்தார். பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள்.

"ஐயா, எல்லாரும் போடுறதுதான். கீழ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்," என்றாள் அந்தப் பெண்.

அண்ணாச்சி நிமிரவில்லை. அக்கா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கு ஒரு அடி பின்னால் நின்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"அவிய வாசிக்கட்டும்மா," என்றாள். "வாசிச்சு முடிச்ச பொறவு போடுவாவ."

அவர் முதல் பக்கத்தை முடித்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.